இருபது வாயும் ஒரு துவையலும்

சாந்தம்மாவுக்குச் சிரிப்பே வராது என்று கம்பெனியில் ஒரு பேச்சு உண்டு. சுத்தப் பொய். அவளுக்கு வயிறு குலுங்கச் சிரிப்பு வரும். ஆனால் அதற்கு முன்னால் வலது கை வந்து வாயை மூடிவிடும். நாட்றாம்பாளையத்தில் இருந்தபோது, பத்தொன்பது வயதில், அடிபம்பின் கைப்பிடி எகிறி மேல்வரிசை நடுப்பல் ஒன்றைப் பாதியில் ஒடித்துவிட்டுப் போனது. அன்றிலிருந்து அந்தக் கைக்கு அதுதான் வேலை. இப்போது அவளுக்கு நாற்பத்தொன்று. ஒடிந்தது போக நின்ற பாதியும் கறுத்துப்போய், வேரில் சீழ் வைத்து, மாதத்தில் பத்து நாள் வலித்துக்கொண்டிருந்தது.

கொரோனா காலத்தில் ஓசூரே மாஸ்க்கைத் திட்டிக்கொண்டிருந்தபோது இந்த ஒருத்தி மட்டும் நிம்மதியாக இருந்தாள். எல்லோரும் கழற்றிப் போட்ட பிறகும் இரண்டு வருஷம் மாட்டிக்கொண்டு திரிந்தாள். கேட்டவர்களிடம் தூசி ஒத்துக்காது என்றாள்.

அவள் வேலை செய்தது சிப்காட்டில் வண்டிகளுக்கு ரப்பர் வளையம் செய்யும் ஒரு கம்பெனியில். செக்கிங் பிரிவில் பதினாறு வருஷம். வளையத்தில் முடி அளவு கீறல் இருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது, அந்தப் பெருமையும் அவளுக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு. லைன் லீடர் ஆகச் சொல்லி இரண்டு முறை கேட்டார்கள். லீடர் என்றால் தினமும் காலை முப்பது பெண்களுக்கு முன்னால் நின்று ஐந்து நிமிஷம் பேச வேண்டும். வீட்டில் வேலை இருக்கிறது என்று இரண்டு முறையும் தட்டிக்கழித்துவிட்டாள். லீடர் ஆகவில்லையே தவிர, அதிகாரத்துக்குக் குறைச்சல் இல்லை. போன வருஷம் புதுவகை ரப்பரைச் சோதித்துப் பார்த்தார்கள். பழைய ரப்பர் வளையத்துக்கு வெள்ளைச் சீட்டு, புதுசுக்கு மஞ்சள் சீட்டு, தனித்தனி ட்ரே. வேலைக்குச் சேர்ந்து ஆறு மாசமே ஆகியிருந்த ஜோதிமணி என்ற பெண், இடத்தை அடைக்கிறதே என்று நல்ல எண்ணத்தில் பாதி பாதியாக இருந்த இரண்டு ட்ரேயையும் ஒன்றாகக் கொட்டிவிட்டாள். சூப்பர்வைசர் கூட ஒன்றும் சொல்லவில்லை. சாந்தம்மாதான் பிடித்துக்கொண்டாள்.

"எது எதுன்னு தெரியாதப்புறம் இதை வெச்சுக்கிட்டு நான் என்னாத்தப் பண்றது? மொத்த லாட்டும் ஸ்கிராப்புக்குத்தான் போவும். கண்ணு எங்கடி இருந்துச்சு உனக்கு? நல்லதுக்குப் பண்ணுனன்னு வேற சொல்றா பாரு!"

ஜோதிமணி கழிவறைக்குப் போய் அரைமணி நேரம் அழுதுவிட்டு வந்தாள். அது சரியான திட்டுதான் என்று சாந்தம்மா அன்றைக்கு நினைத்தாள்.

பல் மருத்துவக் கல்லூரிக்காரர்கள் கம்பெனிக்கு முகாம் போட வந்தபோதுதான் சுகுணா டாக்டரை அவள் பார்த்தாள். மேல்படிப்புப் படிக்கிற டாக்டர், இருபத்தேழு வயது இருக்கலாம், பாரூர் ஏரிப் பக்கத்தில் கரும்பு போடுகிற குடும்பம். சாந்தம்மாவின் கையை மெதுவாக வாயிலிருந்து இறக்கிவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தாள். முகம் சுளிக்கவில்லை. அந்த ஒன்றுக்காகவே சாந்தம்மாவுக்கு அவளைப் பிடித்துப்போய்விட்டது.

"இதைப் புடுங்கித்தான் ஆகணும் அக்கா. புடுங்கிட்டுச் சும்மா விட்டா அந்த எடத்துல எலும்பு கரைஞ்சு பள்ளமாயிடும். அப்புறம் ஸ்க்ரூ வெச்சு நிரந்தரமாப் பல்லு கட்ட முடியாது. அதனால அந்தக் குழியில எலும்புப் பொடி வெச்சுத் தெச்சுருவோம். நாலு மாசத்துல உங்க எலும்பே வளந்து குழியை மூடிக்கும்."

வெளியே செய்தால் செலவு எக்கச்சக்கம். ஆனால் சுகுணா டாக்டர் படிப்புக்காக ஒரு ஆராய்ச்சி செய்கிறாள், அதில் சேர்ந்தால் எல்லாமே இலவசம். அடுத்த வாரம் கல்லூரியில் சாந்தம்மாவை உட்காரவைத்து, நான்கு பக்கப் படிவத்தை டாக்டரே படித்துக்காட்டினாள்.

"மொத்தம் இருபது பேரு. எல்லாருக்கும் எலும்புப் பொடி உண்டு. அதுல பத்துப் பேருக்கு மட்டும், பிரண்டையில இருந்து பிரிச்சு எடுத்த சத்தைப் பொடியில கலந்து வெப்போம். யாருக்கு எதுன்னு கவருக்குள்ள சீட்டு இருக்கு. உங்களுக்கும் தெரியாது, எலும்பை அளந்து பாக்குற எனக்கும் முடியிற வரைக்கும் தெரியாது."

"பிரண்டைன்னா... நாம தொவையல் அரைக்கிற பிரண்டைங்களா?"

"அதேதான்!" டாக்டரின் முகம் மலர்ந்துவிட்டது. "எங்கப்பா கை ஒடிஞ்சப்ப அதைத்தான் வெச்சுக் கட்டினாங்க. உண்மையிலேயே எலும்பு வளக்குதான்னு பாத்துரலாம்னு நெனச்சேன். எங்க கைடு சிரிக்கிறாரு, வேற தலைப்பே கெடைக்கலையான்னு."

கைடு என்பது அவளுக்கு மேலே இருக்கும் பேராசிரியர்.

"இதுல ஒரே ஒரு கண்டிஷன் அக்கா. நாலு மாசத்துக்குப் பிரண்டையை வாயில வெக்கக் கூடாது. தமிழ்ல பிரண்டைன்னாலும் சரி, கன்னடத்துல மங்கரவள்ளின்னாலும் சரி, தெலுங்குல நல்லேருன்னாலும் சரி. தொவையல், கொழம்பு, வத்தல், எதுவுமே வேண்டாம்."

சாந்தம்மா சரியென்றாள். டாக்டர் அதற்குப் பிறகும் இரண்டு பக்கம் படித்தாள். நடுவில் விலகினால் என்ன ஆகும், தப்பு நடந்துவிட்டால் யாரிடம் சொல்ல வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. சாந்தம்மா தலையை ஆட்டிக்கொண்டிருந்தாளே தவிர காது அங்கே இல்லை. அவள் மனம் அந்தக் கவருக்குள் இருந்த சீட்டிலேயே நின்றுவிட்டது.

ஏனென்றால் சீட்டு விஷயத்தில் அவளுக்கு ராசி கிடையாது. கம்பெனியில் ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை குலுக்கல் நடக்கும். ஒருத்திக்கு மிக்ஸி, ஒருத்திக்குக் குக்கர் என்று விழும். இவளுக்குப் பதினாறு வருஷமும் ஆறுதல் பரிசுதான், மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா. அப்படிப்பட்டவளுக்கு இந்தச் சீட்டு மட்டும் நல்லதாக விழுமா? வெறும் பொடிதான் வைத்திருப்பார்கள் என்று பல்லைப் பிடுங்கித் தைத்த அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள். குடியிருந்த லைன் வீட்டுக்கு எதிரே காலி மனை. அதன் முள்கம்பி வேலி முழுக்கப் பிரண்டைதான். கைக்கெட்டும் தூரத்தில் மருந்தை வைத்துக்கொண்டு பல்லைக் குலுக்கல் சீட்டிடம் விட்டுவிட்டு உட்கார்ந்திருக்க அவளால் முடியவில்லை.

பத்தாம் நாள் தையல் பிரித்தார்கள். பதினோராம் நாள் கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு இளம் பிரண்டையாகப் பார்த்து ஒடித்து வந்தாள். கணு நீக்கி, எண்ணெயில் சுருள வதக்கி, புளி கொஞ்சம் தூக்கலாக வைத்து அரைத்தாள்.

"டாக்டரம்மா சாப்புடக் கூடாதுன்னு சொன்னாங்கன்னு நீதானே சொன்ன?" என்றான் அவள் கணவன் சென்றாயன்.

"மருந்தாத்தான் சாப்புடக் கூடாது. இது சோத்துக்குத் தொட்டுக்கறது."

துவையல் என்ற வார்த்தையை டாக்டரே வாயால் சொல்லியிருந்தாள். அது சாந்தம்மாவுக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது. இருந்தாலும் இன்னொரு கவளம் பிசைந்தாள்.

இந்த மட்டில் நின்றிருந்தால் ஒருத்தி செய்த தப்போடு போயிருக்கும். முதல் மாதச் சோதனைக்குப் போன அன்றைக்குத்தான் அது பெரிதானது. வராண்டாவில் அந்தப் பேராசிரியர் சுகுணா டாக்டரை நாலு பேருக்கு முன்னால் நிறுத்திவைத்துப் பேசிக்கொண்டிருந்தார். "நாலு மாசம் கழிச்சு ஒண்ணுமே வரலன்னு வந்து நிக்கப் போற. அப்ப எங்கிட்ட வராத," என்றார். டாக்டர் சரிங்க சார், சரிங்க சார் என்றாள். உள்ளே வந்து கையுறை மாட்டும்போது கண் சிவந்திருந்தது. அன்றைக்கு சாந்தம்மா தனக்குள் ஒரு சபதம் எடுத்துக்கொண்டாள். இந்தப் பெண் ஜெயிக்க வேண்டும். இருபது பேருக்கும் எலும்பு வளர்ந்தாக வேண்டும். வளர்ந்துவிட்டால் அந்த ஆள் என்ன பேசுவான், பார்க்கலாம்.

மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை சோதனை நாள். ஓசூர்ப் பக்கத்து ஆட்களை ஒரே நேரத்தில் வரச்சொல்வார்கள், கூப்பிட மூன்று மணி நேரம் ஆகும். ஆகவே எல்லோரும் பழகிவிட்டார்கள். கிரானைட் கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் தீர்த்தகிரி, முன்பல் இல்லாவிட்டாலும் பேச்சு ஓயாதவன். தளியில் ரோஜாப் பண்ணையில் வேலை செய்யும் மாதம்மாள். அத்திப்பள்ளியிலிருந்து வரும் கௌரம்மா, கன்னடக்காரி. இன்னும் மூன்று பேர். இரண்டாவது மாதச் சோதனையில் தீர்த்தகிரி கவலையோடு உட்கார்ந்திருந்தான்.

"எனக்கு வெறும் பொடிதான் வெச்சிருப்பாங்கக்கா. நம்ம மூஞ்சிக்கு நல்லது எங்க கெடைக்கும்? எலும்பு வளரலன்னா பல்லு இல்லன்னுருவாங்க. அடுத்த வருசம் எனக்குப் பொண்ணு பாக்கணும்ங்கறாங்க வீட்டுல."

சாந்தம்மா பையிலிருந்து டப்பாவை எடுத்தாள். ஆயுத பூஜை டப்பா. மூடியைத் திறந்ததும் நல்லெண்ணெய் வாசனை பெஞ்சு முழுக்க அடித்தது.

"தின்னு. யாருக்கும் சொல்லாத."

அவன் ஒரு விரல் எடுத்து நக்கிப் பார்த்தான். மாதம்மாள் கையை நீட்டினாள். கௌரம்மா, "மங்கரவள்ளி சட்னி! சென்னாகிதே அக்கா!" என்று ருசியில் கத்தியேவிட்டாள். அவள் வாயைப் பொத்த வேண்டியதாயிற்று. சோதனை நாளென்று இல்லாமல் நடுவாரத்திலும் தீர்த்தகிரி வந்து ஆறு டப்பாவையும் வாங்கிப்போய் வீடு வீடாகக் கொடுத்தான். சாந்தம்மாவையும் சேர்த்தால் ஏழு பேர். இத்தனை வருஷமும் அலமாரியில் தூங்கிய டப்பாக்களுக்கு ஒரு வழியாக வேலை வந்தது. நாட்றாம்பாளையத்தில் எட்டாவது வரை படித்தவள், டாக்டருக்கே தெரியாமல் டாக்டருக்கு உதவி செய்துகொண்டிருக்கிறாள் என்ற நினைப்பில் நடையே மாறிப்போனது.

ஒரே ஒரு முறை மாட்டிக்கொள்ளப் பார்த்தாள். பிரண்டைச் சாறு பட்டுக் கையெல்லாம் தடித்துச் சிவந்திருந்தது.

"கையில என்ன அக்கா இப்படி?" என்றாள் சுகுணா டாக்டர்.

"சோப்புத்தூளுங்க. ஒத்துக்கல."

டாக்டர் தன் பையிலிருந்தே ஒரு களிம்பை எடுத்துக் கொடுத்து, இரண்டு வேளை தடவச் சொன்னாள். அதை வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது சாந்தம்மாவுக்கு உள்ளே ஏதோ குத்தியது. நல்லதுக்குத்தானே செய்கிறோம் என்று அதை அமுக்கிவிட்டாள்.

நான்கு மாதம் முடிந்ததும் ஸ்கேன் எடுத்தார்கள். அடுத்த மாதம் ஸ்க்ரூ வைக்கிற நாள். மரத்துப்போக ஊசி போட்டு, வாயைப் பிளந்து வைத்து, எலும்பில் துளை போட்டுக்கொண்டே சுகுணா டாக்டர் பேசினாள். எப்போதும் பேசுகிற மாதிரி இல்லை, குரல் தாழ்ந்திருந்தது.

"உங்களுக்கு எலும்பு சூப்பரா வளந்திருக்கு அக்கா. எல்லாருக்குமே நல்லா வளந்திருக்கு. அதுதான் பிரச்சினையே."

சாந்தம்மா கண்ணாலேயே என்ன என்று கேட்டாள்.

"கவரை எல்லாம் பிரிச்சாச்சு. பிரண்டை வெச்ச பத்துப் பேருக்கும் வெக்காத பத்துப் பேருக்கும் வித்தியாசமே இல்ல. வெக்காதவங்களுக்கும் அதே அளவு வந்திருக்கு. அப்படின்னா பிரண்டையால ஒண்ணும் இல்லன்னுதானே அர்த்தம்? ரெண்டு வருசம். சார் சொன்ன மாதிரியே ஆயிடுச்சு."

எல்லோருக்கும் வளர்ந்தால் நல்லதுதானே, இதில் என்ன வருத்தம் என்றுதான் சாந்தம்மாவுக்கு முதலில் தோன்றியது. பிறகு வெள்ளைச் சீட்டும் மஞ்சள் சீட்டும் கண் முன்னால் வந்தன. பழைய ரப்பர் ஒரு ட்ரே, புது ரப்பர் ஒரு ட்ரே. இரண்டையும் ஒன்றாகக் கொட்டிவிட்டு நல்லதுக்குச் செய்தேன் என்று நின்ற ஜோதிமணி. எது எதென்று தெரியாத பிறகு இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

பிரண்டை வைக்காதவர்களுக்கும் பிரண்டை கொடுத்தது யார்? டப்பா டப்பாவாகக் கொடுத்தது யார்?

அவளுக்கு அந்த நாற்காலியிலேயே செத்துப்போய்விட்டால் தேவலை என்றிருந்தது. இப்போதே சொல்லிவிடலாம். ஆனால் வாயைப் பிளந்து வைத்திருக்கிறார்களே, எப்படிப் பேசுவது? உதடு வேறு மரத்துக்கிடந்தது. அது நல்ல சாக்காகப் போயிற்று. அரைமணி நேரத்தில் வாயை மூடச் சொன்னார்கள், அதற்குள் அவள் யோசித்துவிட்டாள். ஸ்க்ரூதான் உள்ளே போயிருக்கிறது. பல் வர இன்னும் மூன்று மாதம். இப்போது சொன்னால் விதியை மீறியவள் என்று வெளியே தள்ளிவிட்டால்? வெறும் ஸ்க்ரூவை வைத்துக்கொண்டு வாழ்நாள் முழுக்கப் பொத்திக்கொண்டு திரிய வேண்டியதுதான்.

"வரேனுங்க," என்று கும்பிட்டுவிட்டு வந்துவிட்டாள்.

அந்த மூன்று மாதத்தை என்னவென்று சொல்ல? அவளுக்குச் சோறு இறங்கவில்லை. எதிர் மனைப் பக்கம் திரும்பாமல் வீட்டைவிட்டு இறங்கக் கற்றுக்கொண்டாள். கம்பெனியில் ஜோதிமணி சாதாரணமாக ட்ரேயைத் தூக்கிக்கொண்டு போனாலும் இவளுக்கு முகம் சுண்டிப்போகும். அந்தப் பெண் அறியாமல் செய்ததற்கு அப்படித் திட்டினோமே, நாம் அறிந்தல்லவா செய்தோம் என்று தன்னையே காறித் துப்பிக்கொள்வாள். இரண்டு முறை பஸ் ஏறிக் கல்லூரி வாசல் வரை போனாள். இரண்டு முறையும், பல் வந்துவிடட்டும், வந்த மறுநிமிஷம் சொல்லிவிடலாம் என்று திரும்பினாள். வெட்கம் ஒரு பக்கம், பல் மேல் ஆசை ஒரு பக்கம். ஒவ்வொரு முறையும் ஆசைதான் ஜெயித்தது. அதைச் சொல்லிக்கொள்ள இன்னும் வெட்கமாக இருந்தது.

நடுவில் பல்லுக்கு அளவெடுக்கப் போனபோது டாக்டர் தெளிந்திருந்தாள்.

"தீசிஸ் குடுத்துட்டேன் அக்கா. பிரண்டை சேர்த்தாலும் சேர்க்காட்டியும் ஒண்ணுதான்னு எழுதியாச்சு. அப்பாகிட்டச் சொன்னேன். சரி விடு, இனிமே தொவையலோட நிறுத்திக்குவோம்னு சிரிச்சாரு."

சாந்தம்மாவும் சிரிக்க முயன்றாள். கை வாய்க்குப் போனது.

பல் வந்தது. ஃப்ளோரைடு கலந்த ஊர்த் தண்ணீரைக் குடித்து வளர்ந்த அவளுடைய மற்றப் பற்களில் லேசாகப் பழுப்புக் கோடு இருக்கும். புதுப் பல் தனியாக வெள்ளையடித்த மாதிரி தெரியக் கூடாது என்று, அதே பழுப்பை ஓரத்தில் தீட்டச் சொல்லி டாக்டர் லேபுக்கு இரண்டு முறை திருப்பி அனுப்பியிருந்தாள். மாட்டிவிட்டுக் கண்ணாடியைக் கொடுத்தாள். இருபத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு சாந்தம்மா தன் வாயை முழுதாகப் பார்த்தாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சந்தோஷத்தில் அழுகிறாள் என்று டாக்டர் நினைத்துக்கொண்டு கேமராவை எடுத்தாள்.

"முதல்ல எடுத்த போட்டோவுக்குப் பக்கத்துல வெக்கணும். நல்லா சிரிங்க அக்கா."

சாந்தம்மாவின் கை வாய்க்கு வந்தது.

"இப்ப எதுக்கு மூடுறீங்க? பல்லு இருக்கே!"

"நான் சாப்புட்டனுங்க."

"என்னது?"

"பிரண்டை. நாலு மாசமும் சாப்புட்டன். நான் மட்டும் இல்லீங்க, அரைச்சு எடுத்தாந்து ஆறு பேருக்குக் குடுத்தன்."

டாக்டர் கேமராவைக் கீழே வைத்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் சாந்தம்மாவுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். இழுப்பறையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து, யார் யார், எத்தனை நாள், எவ்வளவு என்று கேட்டாள். சாந்தம்மா ஒவ்வொரு பெயராகச் சொன்னாள். தன்னை நம்பித் தின்றவர்களைத் தானே காட்டிக்கொடுக்கிறோம் என்பது ஒவ்வொரு பெயருக்கும் உறைத்தது. டாக்டர் பெயருக்கு நேரே நம்பரைத் தேடி எழுதினாள்.

"ஆறு பேர்ல நாலு பேரு பிரண்டை வெக்காத குரூப்," என்றாள். பிறகு பக்கத்தைப் புரட்டினாள். "நீங்க எட்டாம் நம்பர். உங்களுக்குப் பிரண்டை வெச்சுத்தான் தெச்சிருக்கோம் அக்கா. நல்ல சீட்டுதான் விழுந்திருக்கு."

சாந்தம்மா தலையைத் தூக்கவில்லை.

"அது வேலை செஞ்சுதா இல்லையான்னு இனி எனக்கும் தெரியாது, யாருக்கும் தெரியாது. தொவையல்ல வளந்துச்சா, வெறும் பொடியிலயே வளந்துச்சா, எப்படிச் சொல்றது? ஒண்ணும் இல்லன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன். இப்ப அதுவும் பொய்யாயிடுச்சு." நோட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். "தப்புன்னு உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"ஸ்க்ரூ போட்ட அன்னிக்கே."

"மூணு மாசமாச்சே. தீசிஸ் அப்ப எங்கிட்டதான் இருந்துச்சு. ஏன் சொல்லல?"

"பல்லு குடுக்காம உட்ருவீங்களோன்னு."

அவள் அதைச் சொல்லும்போது புதுப் பல் உதட்டில் பட்டது. டாக்டர் நோட்டை மூடினாள்.

"குடுத்திருப்பேன் அக்கா. அன்னிக்குச் சொல்லியிருந்தாலும் குடுத்திருப்பேன். நடுவுல விலகினாலும், தப்பே பண்ணினாலும், பல்லு உண்டுன்னு படிவத்துல இருக்கு. நானே உங்களுக்குப் படிச்சுக் காட்டினேன்."

போட்டோ எடுக்கவில்லை. சார்கிட்ட எழுதிக் கொடுக்கணும், எல்லாரையும் விசாரிக்கணும், நீங்க போய்ட்டு வாங்க என்றாள். அடுத்த மாதம் சோதனைக்கு வரச்சொல்லித் தேதியும் எழுதிக் கொடுத்தாள். அந்தச் சீட்டில் கையெழுத்து எப்போதும் போலத் திருத்தமாகவே இருந்தது.

இரண்டு நாள் கழித்து, ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வரும்போது போன் அடித்தது. தீர்த்தகிரி.

"அக்கா, டாக்டரம்மா கூப்புட்டுக் கேட்டாங்க. பிரண்டை தின்னியான்னு. எனக்கு ஒரு நிமிசம் உசுரே இல்ல. நான் அசரலியே! அப்புடின்னா என்னான்னே தெரியாதுன்னுட்டன். மாதம்மாக்காவுக்கும் கௌரம்மாவுக்கும் மத்த மூணு பேருக்கும் அப்பவே போன் போட்டுட்டன், எல்லாம் ஒரே மாதிரி சொல்லியாச்சு. உங்க பேரை எவனும் வாயிலயே எடுக்கல. எங்களுக்காக எவ்ளோ பண்ணீங்க நீங்க, உங்களைக் காட்டிக் குடுப்பமா? நீங்க தைரியமா இருங்கக்கா."

யாருக்கும் சொல்லாதே என்று கற்றுக்கொடுத்தவளே சாந்தம்மாதான். ஆறு பேரும் அதை அப்படியே காப்பாற்றிவிட்டார்கள். தன் ஒரு வாய்க்கு எதிராக ஆறு வாய். இப்போது டாக்டர் யாரை நம்புவாள்? சாந்தம்மா சொன்ன ஒரே உண்மையும் பொய்யாகி நிற்கப்போகிறது.

"நானே சொல்லிட்டன் தீர்த்தகிரி," என்றாள்.

மறுபக்கம் கிரானைட் அறுக்கிற சத்தத்துக்கு மேலே அவன் கத்தினான்.

"என்னாங்கக்கா சொல்றீங்க?"

"எல்லார் பேரையும் சொல்லிட்டன். நீ போய் நெசத்தச் சொல்லு. ஆறு பேரும் போயாவணும். நாளைக்கு நான் லீவு போட்டுட்டு உங்க கூட வரன்."

"உங்களுக்குப் பல்லு வந்துருச்சு, நீங்க சொல்லுவீங்க." அவன் குரல் உடைந்துவிட்டது. "எனக்கு அடுத்த வாரந்தான்கா தேதி. அப்ப என் பல்லு?"

பஸ்ஸில் முன்சீட்டில் ஜோதிமணி இருந்தாள், இன்னும் முப்பது பெண்கள் இருந்தார்கள். சாந்தம்மா கையை வாயிலிருந்து எடுத்தாள்.

"குடுப்பாங்கடா," என்றாள். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்க்கிற மாதிரி குரல் உயர்ந்துவிட்டது. "தப்புப் பண்ணினாலும் குடுப்பாங்க. படிச்சுக் காட்டினாங்க. நான்தான் கேக்கல."